கதிரவனுக்கும் கம்பெனியா?

வந்தவாசி என்றதும் வரலாறு படித்தவர்கள் 1760-ஆம் ஆண்டை நினைவூட்டுவார்கள். அந்த ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள், இந்த ஊர்க் கோட்டையருகே இரண்டு படைகள் மோதின. ஒருபுறம் ஆங்கிலேயர், தளபதி அயர் கூட். மறுபுறம் பிரெஞ்சுக்காரர், தளபதி லாலி. கூட் வென்றான், லாலி தோற்றான் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். பாடம் சரிதான். ஆனால் பாடத்திலே இல்லாத கேள்வி ஒன்று உண்டு. இருவரும் மோதிக்கொண்டது யார் வயலிலே? மிதிபட்டது யார் பயிர்? வென்றவனுக்கு வரி கட்டியவன் யார்?

இந்த மண்ணின் உழவன்! இந்த மண்ணின் நெசவாளி! போரிலே அவனுக்குப் பங்கில்லை. போரின் செலவிலே மட்டும் பங்கு உண்டு!

அன்று வந்த கம்பெனி பீரங்கியோடு வந்தது. இன்று வருகிற கம்பெனிகளுக்குப் பீரங்கி தேவையில்லை. 'இலவசம்' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை மூன்று விதமாகப் பாடுகிறார்கள். 'கையிலே உலகம், கட்டணம் குறைவு' என்பது ஒரு பாட்டு, அது இணையம். 'கடைக்கு வாடகை வேண்டாம், வீட்டிலிருந்தே உலகத்துக்கு விற்கலாம்' என்பது இன்னொரு பாட்டு. அது இணைய விளம்பரம். 'கூரையிலே கதிரவன், கரண்ட் பில்லே இல்லை' என்பது மூன்றாவது பாட்டு. அது சூரிய மின்சாரம்.

பாட்டு இனிமைதான். தாளம் யார் கையிலே இருக்கிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

தோழர்களே, முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பகுத்தறிவு பேசும் நமக்கு அறிவியல் பகையல்ல. எந்திரத்தைக் கண்டு மிரளுபவர்கள் நாமல்ல. 1999 பிப்ரவரியிலே சென்னையிலே தமிழ் இணைய மாநாடு கூட்டி, கணினியிலே தமிழுக்கு ஒழுங்கான விசைப்பலகை கண்டவர்கள் நாம். 2000-ஆம் ஆண்டிலே டைடல் பூங்காவைத் திறந்தவர்கள் நாம். 2001-இலே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியவர்கள் நாம். இணையத்தைத் தமிழனின் வாசலுக்கு அழைத்து வந்தவர்களே, வந்த விருந்தாளி அடுக்களைக்குள் நுழைந்து அரிசிப் பானையைத் தூக்கும்போது, 'எங்கே போகிறாய்?' என்று கேட்கவும் உரிமை உள்ளவர்கள்.

கேட்போம்.

கையிலே உலகம், சாவி யார் கையிலே?

2015-ஆம் ஆண்டு பிப்ரவரியிலே, அமெரிக்காவிலிருந்து ஃபேஸ்புக் கம்பெனி ஒரு தருமத்தோடு வந்தது. 'ஏழைகளுக்கு இலவச இணையம் தருகிறோம்' என்றது. ஏடுகளிலே முழுப்பக்க விளம்பரம். ஏழைகள்மீது அத்தனை இரக்கம்! திரையை விலக்கிப் பார்த்தால் உண்மை வேறாக இருந்தது. அது இணையம் அன்று. இணையத்திலே அந்தக் கம்பெனி பொறுக்கி எடுத்த சில பக்கங்கள் மட்டும். ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டுகிறேன் என்று சொல்லி, தன் வீட்டுத் தொட்டியிலிருந்து தான் விரும்பிய நேரத்திலே தான் விரும்பிய தண்ணீரை ஊற்றுவதற்குப் பெயர் தருமமா? மக்கள் குரல் எழுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8-ஆம் நாள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டணம், மறு பக்கத்துக்கு வேறு கட்டணம் என்று பிரிப்பது கூடாது என்று ஆணையிட்டது. தருமவான் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

அதே 2016-இலே, செப்டம்பர் 5-ஆம் நாள், உள்நாட்டுத் தருமவான் வந்தார். ஜியோ! பேசுவதற்குக் காசில்லை, பார்ப்பதற்குக் காசில்லை என்றார்கள். இளைஞர்கள் வரிசையிலே நின்றார்கள்; நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை. இலவசமாகத் தந்தால் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்து நடந்தது என்ன? போட்டியிலிருந்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, அல்லது ஒன்றோடொன்று இணைந்தன. சந்தையிலே கூட்டம் குறைந்தது. பிறகு 2019 டிசம்பரிலே கட்டணம் ஏறியது. 2021-இலே ஏறியது. 2024 ஜூலையிலே மறுபடி ஏறியது. ஒருவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்றுகிறார். எங்கே போவாய் ஏழையே? முதலிலே பழக்கு, பிறகு பறி. கள்ளுக்கடைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிற கணக்குத்தான் இது!

'அரசின் கம்பெனி ஒன்று இருக்கிறதே, பி.எஸ்.என்.எல்., அங்கே போவதுதானே?' என்று கேட்பார்கள். போகலாம். ஆனால் தனியார் கம்பெனிகள் நான்காம் தலைமுறை அலைவரிசையிலே ஆண்டுக்கணக்கில் அறுவடை செய்து முடித்தபிறகு, 2025 செப்டம்பர் 27-ஆம் நாள்தான் பி.எஸ்.என்.எல்-லின் நான்காம் தலைமுறைச் சேவையை நாடு முழுவதற்கும் தொடங்கி வைத்தார்கள். மூத்த பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு, 'இவன் ஏன் ஓட மாட்டேனென்கிறான்?' என்று கேட்பதுபோல இருக்கிறது!

இணையம் விருப்பப் பொருளாக இருந்தவரையில் கவலையில்லை. வேண்டுபவன் வாங்குவான், வேண்டாதவன் விடுவான். அது கட்டாயப் பொருளாகிவிட்ட பிறகுதான் சிக்கல். நூறு நாள் வேலைக்குப் போன தாய்மாரை எண்ணிப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல், வருகைப் பதிவு கைப்பேசிச் செயலியிலேதான் என்று மைய அரசு கட்டளை போட்டது. காலையிலே ஒரு படம், பிற்பகலிலே ஒரு படம். ஏரிக்கரையிலே அலைவரிசை கிடைக்காவிட்டால்? மண் சுமந்தது உண்மை, வியர்த்தது உண்மை, ஆனால் படம் ஏறவில்லை என்றால் கூலி ஏறுவது எப்படி? உழைப்புக்குச் சாட்சி உழைத்த உடம்பு அல்லவாம். கோபுரத்திலிருந்து வருகிற அலையாம்! 2025 டிசம்பரிலே அந்த வேலைத்திட்டச் சட்டத்தையே மாற்றி வேறொரு சட்டம் நிறைவேற்றினார்கள் என்பது தனிக்கதை. ஏழையின் கூலிக்கும் ஏழைக்கும் இடையே ஒரு கருவியை நிறுத்திவைக்கும் அந்த மனப்போக்குத்தான் நாம் சுட்டிக்காட்டுவது.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. வாய்க்கால் யார் கையிலோ, மடையை அடைக்கும் உரிமையும் அவர் கையிலேதான். 2018 மே திங்களிலே தூத்துக்குடியிலே ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலே இணையத்தை நிறுத்தியது அன்றைய அ.தி.மு.க. அரசு. பிணத்தை எண்ணுகிற நேரத்திலே பேச்சை நிறுத்தினார்கள்! 'இணையம் மக்களின் ஆயுதம்' என்று மேடையிலே முழங்குகிற நண்பர்கள் அந்த நாட்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஆயுதத்தின் உறை யார் இடுப்பிலே இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

கடை விரித்தோம், கண்ணில் பட யார் காசு?

இனி இரண்டாவது பாட்டு. ஆரணியிலும், தேவிகாபுரத்திலும், ஒண்ணுபுரத்திலும் பட்டு நெய்கிறார்கள். வந்தவாசியிலே கோரைப் பாய் நெய்கிறார்கள். குழித்தறியிலே காலை இறக்கி, பாவைப் பிணைத்து, ஊடையை ஓட்டி, ஜரிகைக் கரை பிறழாமல் ஒரு புடவையை இறக்குவதற்குள் நெசவாளியின் முதுகு என்ன பாடுபடும் என்பது ஊரறிந்தது. நெய்பவருக்குக் கூலி, விற்பவருக்கு விலை. இந்தப் பழைய அநீதியை இணையம் தீர்த்துவிடும் என்றார்கள். 'இடைத்தரகரே இல்லை! புடவையைப் படம் பிடி, இணையத்திலே போடு, உலகமே வாங்கும்' என்றார்கள்.

போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், தகப்பன் தறியிலே இறக்கிய புடவையை மகன் படம் பிடித்துப் போடுகிறான். பார்த்தவர் யார்? மாமன் பார்த்தார், மச்சான் பார்த்தார், பக்கத்துத் தெரு நண்பன் 'அருமை' என்று எழுதினான். வாங்குபவர் கண்ணிலே மட்டும் படவில்லை. ஏன்? பட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்!

இணைய விளம்பரத்தின் இயந்திரம் வேலை செய்கிற விதம் இதுதான். ஒருவர் தம் கைப்பேசியிலே ஒரு பக்கத்தைத் திறக்கிறார். திறக்கிற அந்த நொடியிலே, அவர் கண்ணுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஒரு ஏலம் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏலம். ஆனால் காசு உண்மையான காசு. பெருநகரத்துப் பட்டு மாளிகையும் அந்த ஏலத்திலே நிற்கலாம், ஆரணி நெசவாளியும் நிற்கலாம். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்! யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே பந்தயம் வைத்து, 'பாகுபாடே கிடையாது' என்று பெருமை பேசுகிற நீதி இது.

இடைத்தரகர் ஒழிந்தாரா? இல்லை. ஊர்த் தரகர் போய் உலகத் தரகர் வந்தார். ஊர்த் தரகருக்கு முகம் இருந்தது. பாக்கி வைத்தால் வீட்டு வாசலிலே போய் நின்று கேட்கலாம். உலகத் தரகருக்கு வாசல் எங்கே இருக்கிறது?

அந்தத் தரகு எவ்வளவு தெரியுமா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்துகிற மெட்டா கம்பெனிக்கு 2024-ஆம் ஆண்டு வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதிலே 16,000 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. கூகுளின் தாய்க் கம்பெனிக்கு அதே ஆண்டு 35,000 கோடி டாலர். அதிலே முக்கால் பங்கு விளம்பரம். 'இலவசமாகத் தருகிறோம்' என்பவர்களின் பெட்டி இது!

'அதனாலே நமக்கென்ன? விளம்பரக் காசு கட்டுவது முதலாளிதானே' என்று சிலர் கேட்கிறார்கள். இங்கேதான் தோழர்கள் நின்று நிதானித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். சோப்புக் கம்பெனி விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணம் எங்கிருந்து வருகிறது? சோப்பின் விலையிலிருந்து. அந்தச் சோப்பை வாங்குபவர் யார்? கைப்பேசியே தொட்டறியாத வந்தவாசிப் பாட்டியும் வாங்குகிறார்! ஆக, இணையத்தைப் பார்க்காத பாட்டியும் இணையத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பார்ப்பவருக்கு இலவசம், பார்க்காதவரும் கட்டவேண்டிய வரி. அந்த வரியை விதிக்கும் சட்டமன்றம் எங்கே? அதிலே நம் உறுப்பினர் யார்?

சரி, உண்மையான வரி அவர்கள்மீது உண்டா? இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கிருந்து அள்ளிச் செல்லும் இணைய விளம்பர வருவாய்மீது 2016-இலே 6 சதவிகித வரி விதித்தார்கள். அதை 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கிவிட்டார்கள். அமெரிக்கா கண்ணை உருட்டிய வேளையிலே நீங்கியது என்பதைக் காலம் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். ஆனால் 2017-இலே வந்த ஜி.எஸ்.டி. நெய்த பட்டுப் புடவையை விட்டதா? 5 சதவிகிதம்! கடல் கடந்த கம்பெனிக்குக் கழிவு. கைத்தறிப் புடவைக்கு வரி. இதுதான் தேசபக்தியின் இலக்கணமா?

போலியின் கதை இன்னொரு துயரம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985-ஆம் ஆண்டின் சட்டம் சில புடவை வகைகளைக் கைத்தறிக்கே என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் இணையத்திலே எவரும் எதையும் 'பட்டு' என்று எழுதலாம். விசைத்தறியிலே வெளியூரிலே ஓட்டிய செயற்கை இழைக்குப் பெரிய கோயிலூர்களின் பெயர் சூட்டலாம். தடவிப் பார்க்க முடியாத இடத்திலே பட்டும் பாலியஸ்டரும் ஒரே பளபளப்பு! துணியைத் தொட்டுத் தரம் அறிகிற நம் தாய்மாரின் விரல்நுனி அறிவை, கண்ணாடித் திரை ஒன்று செல்லாக்காசாக்கிவிட்டது.

விளம்பரம் பொருளை விற்பதோடு நின்றதா? சூதாட்டத்தையும் விற்றது. ஆன்லைன் ரம்மி! நடிகர்கள் சிரித்துக்கொண்டே அழைத்தார்கள். கைப்பேசியிலே போகிற இடமெல்லாம் அந்த அழைப்புத் தொடர்ந்தது. கூலிப் பணம் போயிற்று, நகை போயிற்று, தமிழ்நாட்டிலே உயிர்களும் போயின. நீதியரசர் சந்துரு தலைமையிலே குழு அமைத்து, ஆய்ந்து, 2022 அக்டோபரிலே சட்டமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அன்றைய ஆளுநர் ஆர். என். ரவி நான்கு திங்களுக்கு மேல் அதை வைத்திருந்து, 2023 மார்ச்சிலே திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றி அனுப்பியபிறகே, ஏப்ரலிலே ஒப்புதல் வந்தது. அந்தத் திங்களிலெல்லாம் விளம்பரம் ஒருநாளாவது விடுமுறை எடுத்ததா? 2023 நவம்பரிலே உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை அவற்றிலிருந்து விலக்கியது. கடைசியிலே, 2025 ஆகஸ்டிலே மைய அரசே காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மூன்றாண்டு பிடித்தது. அந்த மூன்றாண்டிலே தாலி இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

கூரையிலே கதிரவன், கூரை யாருடையது?

மூன்றாவது பாட்டுக்கு வருவோம். 2022 ஜூலையிலே புந்தேல்கண்டிலே பேசிய பிரதமர் மோடி, இலவசங்களை 'ரேவடி' என்று எள்ளினார். நாட்டைக் கெடுக்கும் பழக்கம் என்றார். தமிழ்நாட்டின் இலவச மின்சாரமும், இலவசப் பேருந்தும் வடபுலத்து மேதைகளின் வாயிலே அவலாக மெல்லப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவதற்குள், 2024 பிப்ரவரியிலே, அதே பிரதமர் ஒரு திட்டம் தந்தார். அதன் பெயர் 'பிரதம மந்திரி சூர்ய கர் முஃப்த் பிஜ்லி யோஜனா'. 'முஃப்த் பிஜ்லி' என்றால் என்ன? இலவச மின்சாரம்! நாம் தந்தால் நாட்டுக்குக் கேடு. அவர் தந்தால் நாட்டுக்கு ஒளி! பெயரைப் படிக்கவே வந்தவாசிக்காரர் துபாஷி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலே கொசுறு.

திட்டத்தின் ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஒரு கோடி வீடு இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000 ரூபாய். மைய அரசின் அளவுக் கணக்குப்படியே மூன்று கிலோவாட் அமைக்க 1,45,000 ரூபாய். மானியம் போக 67,000 ரூபாய் வீட்டுக்காரர் பொறுப்பு. சந்தையிலே விலை அதையும் தாண்டும். மானியமும் முதலிலே வராது. தகடு ஏறி, மீட்டர் ஓடியபிறகுதான் வங்கிக் கணக்கிலே விழும்.

இந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு முகவர் ஆரணிச் சந்திலே நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே! தகடு போட்டுட்டா கரண்ட் பில்லே வராது!"

"இப்பவே வர்றதில்லையே, தம்பி!"

"எப்படிண்ணே?"

"கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு முந்நூறு யூனிட் இலவசம் ஆக்கினாங்களே, தெரியாதா? நான் எரிக்கிறது அதுக்குள்ளதான்."

"கடன் தர்றாங்கண்ணே, வட்டி கம்மி!"

"இல்லாத பில்லைக் குறைக்கக் கடன் வாங்கச் சொல்றியா, தம்பி?"

முகவருக்கு விடை வராது. ஏனென்றால் விடை கிடையாது. 2016-இலிருந்து தமிழ்நாட்டிலே எல்லா வீடுகளுக்கும் இரண்டு திங்களுக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளருக்கு 200 என்று இருந்ததை 2023 மார்ச்சிலே 300 ஆக உயர்த்தினோம். விசைத்தறிக்கு 750 என்றிருந்ததை 1,000 ஆக்கினோம். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி உள்ள நெசவாளி வீட்டிலே கட்டணம் சுழி. சுழியிலிருந்து எதைக் கழித்து மிச்சம் பிடிப்பது?

அடுத்த கேள்வி: கூரை யாருடையது? தகடு ஏற வேண்டுமானால் சொந்தக் கூரை வேண்டும். அதுவும் உறுதியான தளம் வேண்டும். வாடகைக் குடியிருப்பிலே தறி போட்டிருப்பவருக்குக் கூரை ஏது? ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டிலும் பொறுப்போடு ஏற்ற முடியுமா? ஆகவே திட்டம் யாருக்கு? மாடி கட்டியவருக்கு, குளிர்சாதனம் ஓட்டுபவருக்கு, இரண்டு திங்களிலே ஆயிரம் யூனிட்டைத் தாண்டுபவருக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி கடைசிப் படியிலே யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. அவருக்குத் தகடு இலாபம்தான், மறுக்கவில்லை. பொதுப்பணத்திலிருந்து 78,000 ரூபாயை அவர் கையிலே தருவதற்கு 'ஏழைக்கு ஒளி' என்று பெயர் சூட்டுகிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம்.

கவனமாகப் பார்த்தால் இதற்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது. மின்வாரியத்தின் கணக்கு எளியது. அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டுகிறார். அந்த அதிகத்திலே ஒரு பங்கு, குறைவாக எரிப்பவரின் விளக்குக்கு எண்ணெய். பெரிய வீடுகளெல்லாம் பகலிலே தகட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பங்கு குறையும். ஆனால் மாலையிலே கதிரவன் மறைந்ததும் அதே வீடுகள் வாரியத்தின் கம்பியிலிருந்துதான் மின்சாரம் இழுக்கும். கம்பி வாரியத்துடையது, மின்மாற்றி வாரியத்துடையது, மழையிலே கம்பத்தில் ஏறுகிற தொழிலாளி வாரியத்துடையவர். செலவு அப்படியே நிற்கும். வரவு மட்டும் இறங்கும். பிறகு ஒருநாள், 'வாரியம் நட்டத்திலே இருக்கிறது, இலவச மின்சாரத்தை நிறுத்து, தனியாரிடம் கொடு' என்று அறிவுரை வரும். 2022 ஆகஸ்டிலே நாடாளுமன்றத்திலே வைத்த மின்சாரத் திருத்த மசோதாவின் நோக்கமே விநியோகத்திலே தனியாரை நுழைப்பது அல்லவா? நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, அது குழுவுக்குப் போனது. வந்த வழி மூடப்பட்டால் வேறு வழியாக வருவார்கள்!

தனியார் வந்தால் கதிரவன் மலிவாகுமா? கமுதியைக் கேளுங்கள். 2015-இலே, அ.தி.மு.க. ஆட்சியிலே, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியிலே 648 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு அதானி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். யூனிட் 7 ரூபாய் 1 காசு. இரண்டே ஆண்டு கழித்து, 2017 மே திங்களிலே இராசத்தானத்துப் பட்லாவிலே ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அதே கதிரவன்! அதே வெயில்! நம் வெயிலுக்கு மட்டும் மூன்று மடங்கு விலையா? தகட்டு விலை ஆண்டுதோறும் சரிகிற காலத்திலே, நீண்டகால ஒப்பந்தத்திலே நெட்டை விலை எழுதிக் கொடுத்தவர்கள் இன்று நமக்குச் சிக்கனம் போதிக்கிறார்கள்.

பீகாரிலே தர்ணை என்று ஒரு சிற்றூர். 2014 ஜூலையிலே அங்கே ஒரு தொண்டு நிறுவனம் 100 கிலோவாட் சூரிய நிலையம் அமைத்து விழா எடுத்தது. முன்னாள் முதலமைச்சர் வந்தபோது ஊர்மக்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? 'அசல் மின்சாரம் கொடு' என்று கேட்டார்கள்! விளக்கு எரியும், ஆனால் பெரிய கருவி ஓடாது; விலையோ அதிகம். பிறகு அரசின் கம்பி வந்தது; நாளடைவிலே சூரிய நிலையம் செயலிழந்தது. பட்டணத்தார் 'பசுமை' என்று கைதட்டிய பொருளைச் சிற்றூரார் 'பொம்மை' என்று புரிந்துகொண்டார்கள். ஏழைக்கென்று தனியாக ஒரு மட்ட மின்சாரம், ஏழைக்கென்று தனியாக ஒரு குட்டி இணையம்! இரண்டையும் மறுத்தவர்கள் ஏழைகளே. அவர்களுக்குப் பகுத்தறிவை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வேண்டுவது என்ன?

குறை சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும் கூட்டமல்ல நம் கூட்டம். 1953-இலே கைத்தறியாளர் பட்டினியிலே வாடியபோது, அண்ணாவும் தோழர்களும் அறிக்கை எழுதிவிட்டு உட்காரவில்லை. கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். வழி காட்டுவதும் நம் வேலைதான்.

வழி இருக்கிறது. கோவை மாவட்டத்திலே மேட்டுப்பாளையத்தை அடுத்து ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. 2006-இலே அந்த ஊராட்சி, சுமார் 1 கோடியே 55 இலட்ச ரூபாயிலே, வங்கிக் கடனும் சேமிப்பும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் பெயரிலேயே வாங்கியது. ஊர்த் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் அதன் கணக்கிலே ஓட, மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள். கடனும் அடைந்தது, வருவாயும் வந்தது. வீடு வீடாகக் கடன்பட்டார்களா? இல்லை. ஊருக்குச் சொத்து சேர்த்தார்கள்! அங்கே இலாபம் கூரைக்குக் கூரை சிதறவில்லை, பொதுப்பெட்டியிலே விழுந்தது.

அதனாலே நாம் கேட்பது இவை.

ஒன்று: சூரியத் தகடு ஏறட்டும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூரையிலே, அரசுப் பள்ளியின் மாடியிலே, ஊராட்சிக் கட்டடத்தின்மேல் ஏறட்டும். மானியம் அங்கே போகட்டும். வரும் வருவாய் உறுப்பினர் அனைவருக்கும், சொந்தக் கூரை இல்லாதவருக்கும், பங்காகட்டும்.

இரண்டு: இலவச மின்சாரத்துக்கும் சூரியத் தகட்டுக்கும் முடிச்சுப் போடும் முயற்சி எந்த உருவிலே வந்தாலும் எதிர்ப்போம். மின்வாரியம் மக்கள் சொத்து. அதைப் பட்டினி போட்டு விற்கவிட மாட்டோம்.

மூன்று: கண்ணாடி இழை ஊராட்சிக்கு ஊராட்சி பொதுச்சொத்தாக வரட்டும். கேரளம் 2023 ஜூனிலே அரசின் பெயரிலேயே கே-ஃபோன் தொடங்கவில்லையா? அதோடு, அலைவரிசை இல்லை என்பதற்காக ஒரு ஏழையின் கூலியோ, அரிசியோ, ஓய்வூதியமோ ஒரு நாளும் நிறுத்தப்படக் கூடாது. பதிவேடும் கையெழுத்தும் என்றும் செல்லும் என்று ஆணை வேண்டும்.

நான்கு: வெளிநாட்டு விளம்பரக் கம்பெனிகள்மீது நீக்கிய வரியைத் திரும்ப விதியுங்கள், அந்தப் பணத்தைக் கைத்தறிக்குத் திருப்புங்கள். 1935-இலிருந்து நிற்கும் கோ-ஆப்டெக்ஸ் இணையச் சந்தையிலே நெசவாளியின் பெயரோடும் ஊரோடும் புடவையை விற்கட்டும். புவிசார் பெயரைப் பொய்யாகச் சூட்டுபவரை மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு அந்தப் பொய்யைக் காட்டுகிற கம்பெனியையும் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுங்கள்.

தோழர்களே, கிளைக் கூட்டத்திலே இதைப் பேசுங்கள். தேநீர்க் கடையிலே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எவரேனும் 'இலவசம்' என்று வந்தால் துரத்த வேண்டாம். உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு யார் பணம் கட்டுகிறார்? இதை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது? இது பழுதானால் யார் வாசலிலே போய் நிற்பது? மூன்றுக்கும் நேரான விடை தருபவர் நண்பர். விழிப்பவர், பழைய கம்பெனியின் புதிய கங்காணி!

கதிரவன் எந்தக் கம்பெனிக்கும் பாட்டன் சொத்தல்ல. கம்பி ஊருக்குப் பொது. இணையம் அறிவுக்குப் பொது. பொதுவை விலைபேச வருபவர் யாராயினும், எந்த மொழியிலே பெயர் சூட்டி வந்தாலும், வந்தவாசி கேட்கும், ஆரணி கேட்கும், தமிழ்நாடு கேட்கும்: கணக்கு எங்கே?